மொட்டை மாடியில் ஒரு பென்சில்: வானத்தை வரைபவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

"பொத்தேரியில் எங்கே வானம் தெரியப் போகிறது?" என்று நம்மூர்க்காரர்களைக் கேட்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டு விளக்கு, இன்னொரு பக்கம் கல்லூரிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும். பால்வெளி நமக்குத் தெரியாது, வாஸ்தவம்தான். ஆனால் நிலா, சூரியன், வியாழன், சனி, இரட்டை நட்சத்திரங்கள், கார்த்திகைக் கூட்டம் இவற்றையெல்லாம் பார்க்கக் காட்டு இருட்டு தேவையில்லை. விலை கூடிய கேமராவும் தேவையில்லை. ஒரு பைனாகுலரோ சின்ன டெலஸ்கோப்போ வீட்டில் இருந்தால், மீதியை ஒரு பென்சில் பார்த்துக்கொள்ளும். வெறுமனே பார்த்தால் ஒரு நிமிடத்தில் சலித்துப்போகும் நிலாப் பள்ளம், வரைய உட்கார்ந்தால் அரைமணி நேரமும் புதுசு புதுசாக எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வரையச் சொல்கிறேன். படம் அழகாக வர வேண்டும் என்று கட்டாயமே இல்லை, தோழிகளே!

1. பிள்ளைகளின் பழைய பரீட்சை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கிளிப்போடு இருப்பதால் மாடிக் காற்றில் தாள் பறக்காது. மேல் ஓரத்தில் ஓட்டை போட்டு, நூலில் பென்சிலையும் ரப்பரையும் கட்டித் தொங்கவிட்டால் இருட்டில் தரையைத் தடவ வேண்டாம்.

2. டெலஸ்கோப்பில் தெரியும் வட்டத்தைத் தாளில் போட காம்பஸ் தேட வேண்டாம், வளையல் போதும். 2.4 சைஸ் வளையலின் உள்வட்டம் ஏறக்குறைய 57 மி.மீ., வரைவதற்குக் கச்சிதமான அளவு. எப்போதும் ஒரே வளையலை வைத்து வரைந்தால் எல்லாப் படமும் ஒரே அளவில் இருக்கும், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

3. வட்டத்தை ராத்திரியில் வரையாதீர்கள். ஒரு தாளில் வட்டம், தேதி, நேரம், கருவி என்று கட்டம் போட்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு சீசனுக்குக் கவலை இல்லை.

4. பழகிப் பார்க்கத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமே போதும். நல்ல தாளை நல்ல இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. பன்னிரண்டு பென்சில் கொண்ட டப்பா வாங்கத் தேவையில்லை. ஹெச்பி ஒன்று, 2பி ஒன்று, 4பி ஒன்று, இந்த மூன்றில் நிலாவிலிருந்து நெபுலா வரை எல்லாமே அடங்கிவிடும்.

6. மாடி இருட்டில் எது எந்தப் பென்சில் என்று தெரியாது. பென்சில் முனையில் நூல் சுற்றி, ஹெச்பிக்கு ஒரு முடிச்சு, 2பிக்கு இரண்டு, 4பிக்கு மூன்று போட்டு வையுங்கள். விரல் தடவினாலே தெரிந்துவிடும், டார்ச் அடிக்க வேண்டாம்.

7. பென்சில் கூராக்க உப்புத்தாளில் தேய்ப்பவர்கள் அந்தக் கரித்தூளைக் கொட்டிவிடாதீர்கள். காலியான குங்குமச் சிமிழில் சேர்த்து வையுங்கள். நெபுலா, வால்நட்சத்திரத்தின் வால் போன்ற மங்கலான சமாச்சாரங்களுக்குப் பஞ்சால் தொட்டு ஒற்றினால், பென்சில் கோடு தெரியாமல் புகை மாதிரி வரும்.

8. நிழலைத் தேய்த்துவிடக் கடையில் தனிக் குச்சி விற்கிறார்கள். செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டி முனையைச் சீவினால் அதே வேலையைச் செய்யும். சின்ன இடத்துக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி. விரலால் மட்டும் தேய்க்காதீர்கள், வியர்வைப் பிசுக்கு தாளில் ஏறிவிட்டால் அதன் மேல் பென்சில் பிடிக்காது.

9. ரப்பரை பிளேடால் குறுக்கே வெட்டிக் கூரான முக்கோணமாக்கிக் கொள்ளுங்கள். சாம்பல் பூசிய இடத்தில் அந்த முனையால் ஒரு இழுப்பு இழுத்தால் வெள்ளைக் கோடு பளிச்சென்று வரும். நிலாவின் டைகோ பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் ஓடும் கதிர்களுக்கு இதுதான் சுலபமான வழி.

10. சிவப்பு விளக்கு தனியாக வாங்க வேண்டாம். பரிசுப் பொட்டலம் சுற்றும் சிவப்புக் கண்ணாடித் தாளை மூன்று நான்கு மடிப்பாக்கி, டார்ச் முகத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். தாளில் கோடு தெரிய வேண்டும், அதற்கு மேல் வெளிச்சம் கூடாது.

11. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புப் பேனா எழுத்து மறைந்துபோகும், கலர் பென்சில்களும் குழப்பிவிடும். ஆகவே நட்சத்திரத்தின் நிறத்தை அங்கேயே தீட்டாமல், பக்கத்தில் "ஆரஞ்சு", "வெளிர்நீலம்" என்று பென்சிலால் எழுதி வையுங்கள். கீழே வந்து டியூப்லைட்டில் கலர் போடலாம்.

12. தெருவிளக்குக்கு எதிரே தண்ணீர் டேங்க் இருக்கும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். டேங்கின் நிழலில் உட்காருங்கள். டேங்க் தோதாக இல்லையென்றால் துணி காயப்போடும் கொடியில் கெட்டியான போர்வை ஒன்று.

13. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும். போன் வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், டெலஸ்கோப்பில் வைக்கும் கண் பழையபடி இருட்டிலேயே இருக்கும். கரண்ட் போன இரவென்றால் எல்லா வேலையையும் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுங்கள்!

14. பகலெல்லாம் காய்ந்த மாடித் தளம் இரவு பத்து மணி வரைக்கும் அனலைக் கக்கும். அந்த அனல் டெலஸ்கோப்புக்கு முன்னால் ஏறினால் வியாழன் தண்ணீருக்குள் இருப்பது போல் நெளியும். சாயங்காலமே இரண்டு வாளித் தண்ணீர் தெளித்துக் காயவிட்டு, மேலே கோரைப்பாய் விரித்து உட்காருங்கள். பக்கத்து வீட்டு ஏ.சி.யின் வெளி யூனிட்டுக்கு மேலே தெரியும் வானத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

15. டெலஸ்கோப்பையும் அரைமணி நேரம் முன்னதாகவே மாடியில் வைத்துவிடுங்கள். நீங்கள் சமையலை முடித்துவிட்டு வருவதற்குள் கண்ணாடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வந்திருக்கும்.

16. நின்றுகொண்டு வரையவே கூடாது. குளிக்கும் அறையில் இருக்கும் பிளாஸ்டிக் முக்காலி போதும். உடம்பு அசையாமல் இருந்தால்தான் கண் நுணுக்கங்களைப் பிடிக்கும்.

17. ஏரிக்கரை ஊர் நம்முடையது, கொசுவுக்குக் கேட்கவா வேண்டும்! சுருளை டெலஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் சூடும் புகையும் பார்வையைக் கெடுக்கும், நாலடி தள்ளிக் காற்று போகும் பக்கமாக வையுங்கள். கொசுக் களிம்பைக் கால், கழுத்தில் மட்டும் தடவுங்கள். கையில் தடவினால் தாளும், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் லென்ஸும் பிசுபிசுக்கும். பழைய சாக்ஸ் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

18. செருப்பு டப்பா, ஹேண்ட்பேக் உள்ளே வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து ஐபீஸ் டப்பாவில் போடுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்யும் செலவு பெரிது. மாதம் ஒருமுறை பொட்டலங்களை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டுவிடலாம்.

19. தை மாதப் பனியில் லென்ஸ் முகத்தில் ஈரம் படியும். பழைய காலண்டர் அட்டையைக் குழாயாகச் சுருட்டி டெலஸ்கோப் வாயில் ஒரு சாண் நீளத்துக்கு மாட்டுங்கள், பனியும் படியாது, பக்கவாட்டு வெளிச்சமும் வராது.

20. லென்ஸை முந்தானையால் துடைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். துணியில் இருக்கும் தூசி கீறல் போடும். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே பெரும்பாலும் போதும்.

21. நிலா எங்கே இருக்கும் என்று தெரிய ஆப் எதற்கு? காலண்டரில் இன்றைய நட்சத்திரம் என்று போட்டிருக்கிறதே, நிலா அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். "ரோகிணி" என்றிருந்தால் ஆரஞ்சு நிற ரோகிணி நட்சத்திரம் நிலாவின் அருகே, "சித்திரை" என்றால் வெள்ளை நிறச் சித்திரை அருகே. பிள்ளைகளுக்கு நட்சத்திரம் கற்றுக்கொடுக்க இதைவிடச் சுலபமான பாடம் கிடையாது.

22. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும், அதாவது பாட்டி கணக்கில் இரண்டு நாழிகை. நேற்று எட்டு மணிக்கு எதிர்வீட்டுத் தென்னைக்கு மேலே வந்ததென்றால், இன்று எட்டே முக்காலுக்கு மேல்தான். அதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடலாம்.

23. பௌர்ணமி நிலா கண்ணுக்கு அழகு, வரைவதற்குச் சப்பை. வெளிச்சம் நேராக விழுவதால் எந்தப் பள்ளத்துக்கும் நிழலே இருக்காது. வரைபவர்களுக்கு வளர்பிறைத் திரிதியை முதல் ஏகாதசி வரைதான் திருவிழா. பஞ்சமி, சஷ்டியில் தியோஃபிலஸ் பள்ளமும் அதன் நடுவே நிற்கும் மலையும் துல்லியமாகத் தெரியும். அஷ்டமிக்கு மறுநாள், கத்தியால் கீறியது போல் நேராக ஒரு கருப்புக் கோடு தெரியும். அது 110 கி.மீ. நீளமுள்ள ஒரு சரிவு, பெயரே நேர்ச்சுவர். நவமி, தசமியில் கோப்பர்நிகஸ். 93 கி.மீ. அகலம், உள்ளே படிப்படியாக இறங்கும் சுவர்கள், அதை ஒருதரம் வரைந்துவிட்டால் நிலாவின் மேல் பைத்தியமே பிடித்துவிடும்.

24. முழு நிலாவையும் ஒரே தாளில் வரையப் பார்க்காதீர்கள். இருளும் ஒளியும் சந்திக்கும் எல்லையில் ஒரே ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து, அதை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வரையுங்கள். சிறிதாக வரைந்தால் விவரம் போட இடமிருக்காது.

25. பள்ளம் வரையும்போது முதலில் நிழலின் ஓரத்தைக் கோடாகப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே மணியைக் குறித்துவிடுங்கள். நிலாவில் சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கும். ஒரு மணி நேரத்தில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். மணி குறித்த பிறகு நிழலைத் திருத்தக் கூடாது, மற்ற விவரங்களை நிதானமாகச் சேர்க்கலாம்.

26. நிழலைச் சாம்பலாகப் பூச வேண்டாம். நிலாவில் காற்று இல்லாததால் பள்ளத்தின் நிழல் கன்னங்கரேல் என்றுதான் இருக்கும். 4பியை அழுத்திப் பிடியுங்கள், பிரகாசமான விளிம்பைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள், படம் தானாக எழுந்து நிற்கும்.

27. மூன்றாம் பிறை அன்று கீற்று மட்டுமல்லாமல் மீதி நிலாவும் லேசாகத் தெரியும். அது நம் பூமியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். முழு வட்டத்திலும் கரித்தூளை மெல்லிசாக ஒற்றிவிட்டு, கீற்று இருக்கும் இடத்தை மட்டும் ரப்பரால் எடுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் படம் தயார்.

28. நிலாவின் வெளிர்நிற மேட்டுப் பகுதி அனார்தோசைட் என்ற பாறை வகை. சந்திரயான் சோதனைக்காக அதே வகைப் பாறை மண்ணை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்திலிருந்துதான் எடுத்துப் போனார்கள். உங்கள் நிலாப் படத்தில் தென் ஓரத்தில், நடுக்கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே ஒரு புள்ளி வையுங்கள், 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயானின் விக்ரம் கலம் இறங்கியது அங்கேதான். புள்ளி வைத்த படத்தைப் பிள்ளைகள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

அடுத்து சூரியன். அதற்கு முன் கொடைக்கானலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் தொடங்கிய வானாய்வகத்தின் பணி, 1899-ல் கொடைக்கானல் மலைக்குப் போனது. அங்கே புகைப்படக் கருவிகள் இருந்தும், 1904 முதல் நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைக் கையாலும் வரைந்து வைத்தார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை அச்சிட்ட வட்டத் தாள், அதில் கரும்புள்ளிக்கு ஒரு நிறம், ஒளித்திட்டுக்கு ஒரு நிறம், இழைகளுக்கும் விளிம்புச் சுவாலைக்கும் வேறு வேறு நிறம். இன்று அந்தத் தாள்களை டிஜிட்டலாக்கி, சூரியனின் நூற்றாண்டு வரலாற்றை அதிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். கைப்படம் பழங்கதை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

29. சூரியனை டெலஸ்கோப் வழியாகவோ பைனாகுலர் வழியாகவோ ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது, பார்வை போய்விடும். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி எதுவும் பாதுகாப்பு இல்லை. படத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து வரைவதுதான் நம் வழி.

30. பைனாகுலரின் ஒரு பக்கத்தை மூடியால் மூடி ஸ்டாண்டில் பொருத்தி, மறு பக்கத்திலிருந்து வரும் ஒளியை அட்டையில் விழவையுங்கள். அட்டையைத் தள்ளித் தள்ளி வைத்தால் சூரியன் பெரிதாகும். ஸ்டாண்டைச் சூரியன் பக்கம் திருப்பும்போதும் கண் வைத்துப் பார்க்க வேண்டாம், பைனாகுலரின் நிழல் தரையில் எப்போது மிகச் சிறிதாகிறதோ அப்போது அது நேராக இருக்கிறது என்று அர்த்தம். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூடி போட்டு ஆறவிடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஒரு பெரியவர் நகரவே கூடாது.

31. அட்டையில் தாளை ஒட்டி 15 செ.மீ. வட்டம் போட்டு, சூரியப் பிம்பம் அதில் நிரம்பும்படி வையுங்கள். பிறகு கரும்புள்ளி இருக்கும் இடத்தில் பென்சில் முனையை வைத்தால் ஆயிற்று, தனியாக வரையத் தெரிய வேண்டியதே இல்லை. பிம்பம் நகர்ந்துபோகும் பக்கம் மேற்கு, அதை அம்புக்குறியாகப் போட்டு வையுங்கள்.

32. தினமும் ஒரே நேரத்தில் வரைந்தால் புள்ளிகள் வட்டத்தின் குறுக்கே நடந்து போவதைப் பார்க்கலாம். பூமியிலிருந்து பார்க்கச் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 27 நாள், ஆகவே ஒரு புள்ளி ஓரத்துக்கு ஓரம் போக இரண்டு வாரம். பத்து மணிக்கு முன்னால் காற்று அடங்கியிருக்கும், பிம்பமும் அலையாது. காலை வேலை முடிந்ததும் கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

33. பைனாகுலரும் இல்லையா? முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கெட்டித் தாளால் மூடி, தாளில் அரை செ.மீ. ஓட்டை போடுங்கள். வாசலில் அதை வைத்து வெயிலை இருட்டறைச் சுவரில் விழவைத்தால் 10 மீட்டர் தூரத்தில் சூரியன் 9 செ.மீ. வட்டமாக விழும். கிரகண நாளில் தெருவுக்கே காட்டலாம், ஆனால் கண்ணாடியின் ஒளி யார் முகத்திலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

34. வியாழன் சரியான உருண்டை அல்ல, வேகமாகச் சுழல்வதால் இடுப்பில் சற்றுப் பருத்திருக்கும். 32 மி.மீ. அகலம், 30 மி.மீ. உயரத்துக்கு ஒரு நீள்வட்டத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும். பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடுகிறது, அதனால் பட்டைகளைக் கால்மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிடுங்கள்.

35. வியாழனின் நான்கு நிலாக்களைக் கோடு போட்ட நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரி என்று புள்ளி வையுங்கள். சாதாரணப் பைனாகுலரைச் சுவரில் அழுத்திப் பிடித்தாலே தெரியும். 1610 ஜனவரி 7 முதல் கலிலியோ செய்ததும் இதுதான், இரவுக்கு இரவு மாறும் சின்னப் புள்ளிகள். அயோ 42 மணி நேரச் சொச்சத்தில் ஒரு சுற்று முடிக்கும், காலிஸ்டோவுக்கு ஏறக்குறைய 17 நாள். மூன்று வாரம் எழுதிவிட்டு நோட்டைச் செங்குத்தாகப் பார்த்தால் புள்ளிகள் வளைந்து வளைந்து போகும். பணம் செலவில்லாமல் கிடைக்கும் இன்பம் இதைப்போல் வேறு இல்லை.

36. சனியின் வளையம் 2025-ல் விளிம்பாகத் திரும்பிக் கோடு போல் மெலிந்திருந்தது. இனி வருடத்துக்கு வருடம் விரியும், 2032 வாக்கில் நன்றாகத் திறந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரே ஒரு படம் வரைந்து ஒரே அட்டையில் ஒட்டிக்கொண்டே வாருங்கள்.

37. வெள்ளியை முழு இருட்டில் வரையாதீர்கள், கண் கூசும். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் வானம் நீலமாக இருக்கும்போதே பார்த்தால் அதன் பிறை வடிவம் சுத்தமாகத் தெரியும்.

38. நட்சத்திரக் கூட்டம் வரைவது கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரி. முதலில் பிரகாசமான மூன்று நான்கை முக்கோணமாக, சதுரமாக இடம் பிடித்து வையுங்கள், மற்றவற்றை அவற்றின் நடுவே இட்டு நிரப்புங்கள். ஓரத்திலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தால் கடைசியில் இடம் இழுத்துக்கொள்ளும்.

39. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் ஒரு சுற்றுச் சுற்றினால் புள்ளி உருண்டையாக வரும். பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பெரிய புள்ளி, மங்கலானதற்குச் சின்னப் புள்ளி. கதிர் வீசுவது போல் கோடு இழுக்க வேண்டாம்.

40. எது எந்தத் திசை என்று குழம்பினால் டெலஸ்கோப்பைத் தொடாமல் விடுங்கள். நட்சத்திரங்கள் எந்த ஓரம் வழியாக வெளியே போகின்றனவோ அது மேற்கு. படத்தில் அந்த ஓரத்தில் "மே" என்று எழுதிவிட்டால் கண்ணாடி தலைகீழாகக் காட்டினாலும் கவலையில்லை.

41. ஐபீஸில் எவ்வளவு வானம் தெரிகிறது என்று அளக்க ஒரு கடிகாரம் போதும். ஓரியனின் இடைவாரில் இருக்கும் மூன்று நட்சத்திரங்களில் மேற்குக்கோடியில் இருப்பதைப் பிடித்து, ஓரத்துக்கு ஓரம் நகர எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அதை 15 ஆல் பெருக்கினால் கோண அளவு கலைக் கணக்கில் (ஆர்க் மினிட்) வரும். இரண்டு நிமிடம் என்றால் 30 கலை, ஒரு நிலா அகலம்.

42. மங்கலான பொருளை நேராக முறைத்தால் மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். டெலஸ்கோப் குழாயை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், அசையும்போது கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

43. கார்த்திகைக் கூட்டத்தில் வெறும் கண்ணுக்கு ஆறு தெரிந்தால் நல்ல வானம், நான்குதான் என்றால் அன்று நிலாவையோ கிரகத்தையோ வரையப் போய்விடுங்கள். பைனாகுலரில் அதே கூட்டத்தில் சில டஜன் வரை எண்ணலாம்.

44. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் 13 பாகையில் இருப்பது பெரிய பாக்கியம். லண்டன்காரர்களுக்கு உதிக்கவே உதிக்காத ஒமேகா சென்டாரி, மே மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்கு நம் தெற்கு வானத்தில் மூன்று கைமுட்டி உயரத்தில் நிற்கும். ஏறத்தாழ 1 கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த உருண்டை அது, பைனாகுலரில் பஞ்சுப் பொட்டாகத் தெரியும். நமக்கு வடக்கே தாம்பரத்திலிருந்து முழுக்க வெளிச்சம், தெற்குப் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. கரித்தூளை நடுவில் அழுத்தமாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் ஒற்றி, அதன் மேல் கூரான ஹெச்பியால் சில புள்ளிகள்.

45. மார்கழியில் கோலம் போட எழுபவர்கள் பத்து நிமிடம் முன்னதாக மாடிக்குப் போய் வாருங்கள். பின்பாதி மாதத்தில் மழை விட்டு வானம் வெளுத்திருக்கும், பாதி விளக்குகள் அணைந்திருக்கும். கிழக்கே சுவாதி, சித்திரை, தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை. தென்சிலுவை வெறும் கண்ணாலேயே வரையக்கூடிய குட்டிப் படம்.

46. போகி இரவும் தீபாவளி இரவும் மாடி ஏற வேண்டாம், புகைதான் மிஞ்சும்.

47. திருவாதிரை நட்சத்திரம் ஒளி கூடிக் குறையும் வகை, 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் வெறும் கண்ணுக்கே மங்கித் தெரிந்தது. மாதம் ஒருமுறை அதை ரோகிணியோடு ஒப்பிட்டு, எது பெரிய புள்ளி என்று வரைந்து வையுங்கள். இப்படிப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளில் சிறு நூல் போட்டவரும் அவரே.

48. இரவு பன்னிரண்டு தாண்டினால் தேதி குழம்பும். "12/13 ஜனவரி" என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிடுங்கள். நேரம், இடம், கருவி, எத்தனை மடங்கு, வானம் எப்படி என்ற ஐந்தும் இல்லாத படம் பின்னால் எதற்கும் உதவாது.

49. கை வரைந்துகொண்டிருக்கும்போது கவனித்ததைப் போனில் குரலாகப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

50. வீட்டுக்கு வந்து படத்தை மெருகேற்றலாம், ஆனால் பார்க்காத எதையும் சேர்க்காதீர்கள். புத்தகப் படத்தைப் பார்த்துத் திருத்த ஆரம்பித்தால் அது உங்கள் வானம் இல்லை. மாடியில் வரைந்த மூலத்தாளை அப்படியே வைத்துக்கொண்டு, வேறு தாளில் சுத்தப் பிரதி எடுங்கள். நம்மூருக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

51. வெள்ளைத் தாளில் கருப்புப் புள்ளியாக வரைந்த படத்தைப் போனில் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கும் வசதியை அழுத்துங்கள். கருப்பு வானத்தில் வெள்ளை நட்சத்திரம் வந்துவிடும். கருப்பு சார்ட்டும் வெள்ளைப் பென்சிலும் வாங்கும் செலவு மிச்சம்.

52. பென்சில் படங்கள் ஒன்றோடொன்று உரசி மங்காமல் இருக்க, புடவை டப்பாவில் வரும் மெல்லிய தாளை இடையில் வையுங்கள்.

53. மாடியில் குழாயைத் திருப்பிக்கொண்டு நின்றால் அக்கம்பக்கத்தில் சந்தேகம் வருவது சகஜம். முதல் வளர்பிறை அஷ்டமியிலேயே எல்லோரையும் கூப்பிட்டு நிலாவைக் காட்டிவிடுங்கள். அப்புறம் அவர்களே வாசல் விளக்கை அணைத்து உதவுவார்கள்.

54. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் பக்கத்தில் பக்கத்தில். பொத்தேரியில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி பஸ் பிடித்தால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். நோட்டு கொண்டுபோய், நூலகத்தின் நட்சத்திர வரைபடங்களிலிருந்து தேவையான பகுதியை மட்டும் கையால் குறித்து வாருங்கள். அப்படிக் குறித்தது மறக்கவே மறக்காது.

55. வருடத்தில் ஓர் அமாவாசைக்காவது மதுராந்தகம், வேடந்தாங்கல் பக்கம் உறவினர் வீடு இருந்தால் போய்வாருங்கள். ஜவ்வாது மலைக்குப் போக வாய்த்தால் இன்னும் நல்லது. 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தைக் காவலூரில் அமைத்ததற்கு அங்கிருக்கும் இருட்டும் ஒரு காரணம்தானே.

56. 2028 டிசம்பர் 31 இரவு முழு சந்திர கிரகணம், பத்தேகால் மணி வாக்கில் நிலா முழுசாகச் சிவந்திருக்கும். புத்தாண்டுக்காக எப்படியும் விழித்திருக்கப் போகிறோம். ஒரு நீளத் தாளில் வளையலால் பன்னிரண்டு வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பதினைந்து நிமிட இடைவெளியில் மணியை எழுதி, ஆரஞ்சு, செங்கல் சிவப்பு, காப்பிப்பொடி நிறப் பென்சில்களை முன்னதாகவே கூராக்கி வைத்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு மூன்று வட்டம் என்று பிரித்துக் கொடுத்தால் ஒருவர் வரையும்போது மற்றவர்கள் சூடாக ஏதாவது குடித்துவிட்டு வரலாம்.